பிடி விடாத ஆக்சில்

"இன்னும் வரலடா!" காருக்கு அடியிலிருந்து அப்பா கவ்ரிலின் குரல் கேட்டது. கூடவே இரண்டு சுத்தியல் அடி, ஒரு பெருமூச்சு.

சில்வியூ வால்நட் மரத்தடியில் நின்றபடி மணி பார்த்தான். புதன்கிழமை, பகல் இரண்டு. சாயங்காலத்துக்குள் ருமேனியாவை விட்டுக் கிளம்பினால்தான் வெள்ளிக்கிழமை இத்தாலியில், வீட்டில் இருக்க முடியும். வெள்ளிக்கிழமை மகள் மிருனாவுக்கு ஏழு வயது. 'நீ வந்தப்புறம்தான் கேக் வெட்டுவேன்' என்று சொல்லி, வந்துவிடுவதாக அவனிடம் சத்தியம் வாங்கி அனுப்பியிருந்தாள்.

அம்மாவின் முதல் வருட நினைவுப் பூசைக்காகத் தனியாக வந்தவன் அவன். வழியிலேயே முன்சக்கர ஆக்சிலின் ரப்பர் உறை கிழிந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் கடகடவென்று சத்தம். புது ஆக்சில் சனிக்கிழமையே வாங்கியாயிற்று.

"ஒரு மணி நேர வேலைடா. திங்கட்கிழமை காலைல காப்பி ஆறுறதுக்குள்ள மாத்திடலாம்" என்றுதான் கவ்ரில் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காலையில் அவர் முகமே சரியில்லை. பழைய ஆக்சில் கியர் பாக்ஸுக்குள் இறுகிக் கிடக்கிறது என்றார். இன்று மூன்றாவது நாள்.

"மெக்கானிக் யாரையாவது கூப்பிடட்டுமாப்பா?"

"என் முற்றத்துக்கா? முப்பது வருஷம் டிராக்டர் பிரிச்சவன்டா நான். இந்த ஆட்டோமேட்டிக் சனியனை எவன் உன்னை வாங்கச் சொன்னான்?"

"கமேலியாவுக்குக் கிளட்ச் மிதிக்கப் பயம்ப்பா."

"அதானே பார்த்தேன். பெண்டாட்டிக்காக வாங்கின வண்டி, என் பேச்சை எப்படிக் கேக்கும்? நீ டைல்ஸ் ஒட்டுறவன், தள்ளி நில்லு. ஆக்சில் வந்தா ஆயிலும் கூடவே கொட்டும், சட்டை பாழாயிடும்."

அடியில் வைத்திருந்த தகரத் தட்டில் மூன்று நாளாக ஒரு சொட்டுகூட விழவில்லை.

சில்வியூ மனைவிக்கு போன் போட்டான். திட்டு வாங்கத் தயாராகத்தான் இருந்தான். ஆனால் கமேலியா கோபிக்கவில்லை.

"அவசரப்படாதே, சில்வியூ. அப்பாகூட இன்னும் நாலு நாள் இருந்துட்டு வா. மிருனாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சண்டை இல்லாமல் அவள் பேசி எத்தனை மாதம் ஆயிற்று! அந்தக் குரலின் மென்மையில் அவனுக்கு எப்படியாவது போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்ற தவிப்பு இன்னும் கூடியது.

இத்தாலிக்கு எடுத்துப்போக ஊறுகாய் ஜாடிகளையாவது கட்டி வைப்போம் என்று நிலவறைக்குள் இறங்கினான்.

"டேய், அங்க போகாதே! நான் எடுத்துத் தரேன்" என்று கவ்ரில் கத்தியது பாதிதான் காதில் விழுந்தது.

வெள்ளரி ஜாடிகளுக்குப் பின்னால், கோணிச் சாக்கு போர்த்தி, ஒரு பெரிய ஜாடி. உள்ளே செக்கச்செவேலென்று ஏதோ. அப்பாவின் ஒயினாக இருக்கும் என்று மூடியைத் திறந்தான். மூக்கில் ஏறியது கியர் ஆயிலின் வாடை.

ஜாடியைத் தூக்கிக்கொண்டு அவன் மேலே வந்தபோது கவ்ரில் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கழற்றிய டயரின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"ஆயில் இங்க இருக்கு. அப்ப ஆக்சில் வெளிய வந்திருக்கு. எப்பப்பா வந்துச்சு?"

"திங்கட்கிழமையே. நீ தூங்கி எழறதுக்கு முன்னாடி" என்றார் அவர் தரையைப் பார்த்து.

"திரும்பவும் உள்ள சொருகி வச்சுட்டு, மூணு நாளா சும்மா சுத்தியலைத் தட்டிட்டு இருக்கீங்க. குழந்தை அங்க எனக்காக வழி பார்த்துட்டு இருக்காப்பா!"

கவ்ரில் கிரீஸ் படிந்த விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.  திறந்த கதவு வழியே வீட்டைப் பார்த்ததும் சில்வியூவின் கோபம் வடிந்துவிட்டது. அம்மா இல்லாத வீடு. ஒரே ஒரு தட்டு மட்டும் கழுவி வைத்திருக்கும் சமையலறை.

அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான். "தனியா இருக்க முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அப்பா."

அவர் தலையசைத்து எதையோ மறுக்கப் பார்த்தார். அவன் விடவில்லை.

"இப்பவே புது ஆக்சிலை மாட்டுவோம். நீங்களும் என்னோட கிளம்புங்க. மிருனா ரூம்ல இன்னொரு கட்டில் போட்டுக்கலாம். கமேலியா ஒண்ணும் சொல்ல மாட்டா. இப்பகூட எவ்வளவு தன்மையாப் பேசினா தெரியுமா?"

கவ்ரில் துணியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அவர் அழுது சில்வியூ பார்த்ததில்லை. அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட.

"எனக்காக இல்லடா" என்றார் துணிக்குள்ளிருந்து. "ஞாயித்துக்கிழமை ராத்திரி கமேலியாதான் போன் பண்ணி அழுதா. குழந்தை முன்னாடி ரகளை வேண்டாம், சனிக்கிழமை வரைக்கும் உன்னை இங்கேயே நிறுத்தி வைக்கணும்னு கெஞ்சினா."

"எதுக்கு?"

"குழந்தையைக் கூட்டிட்டு உன்னை விட்டுப் போக வீட்டைக் காலி பண்ணிட்டு இருக்காடா."