பத்து மணி ரீடிங்

மணிக்கு ஒரு தடவை தவமணியும் இருதயராஜும் போனில் பேசிக்கொள்வார்கள். இருபது கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு துணை மின்நிலையங்களின் ஆபரேட்டர்கள் அவர்கள். வோல்டேஜ், ஆம்பியர், லோடு என்று இருதயராஜ் சொல்லச் சொல்ல, தவமணி எழுதிக்கொள்வார். ஒருமுறை இருதயராஜ் எடுக்கவில்லை என்று பதறி, லைன்மேனை பைக்கில் விரட்டினார். மனிதர் கக்கூசில் இருந்தார்.

ஃபைபர் கேபிள் வந்தது. ரீடிங் தானாகவே திரையில் ஓடத் தொடங்கியதும் அந்த போனைக் கழற்ற ஆள் வந்தது.

“இனிமே உம்ம கரகரத் தொண்டையக் கேக்காம நிம்மதியா டீ குடிப்பேன் வே!” என்றார் தவமணி, கடைசி அழைப்பில்.

“சீனியக் குறைச்சுக் குடியும். சுகர் உமக்கும்தான் இருக்கு.”

மூன்றாம் நாள் காலை இருதயராஜ் தனியாக டியூட்டியில் இருந்தார். பத்து மணிக்குத் தவமணியின் கை பழக்கத்தில் செல்போனை எடுத்தது. திரையைப் பார்த்தார். அங்கிருந்து எல்லா எண்களும் நொடி தவறாமல் வந்துகொண்டிருந்தன. வேலையில் இருப்பவரைத் தொந்தரவு செய்வானேன் என்று போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டார்.

இரண்டு மணி ஷிப்டுக்கு வந்தவர்தான், இருதயராஜ் தரையில் கிடப்பதைப் பார்த்தார். ஒன்பதரைக்கு மாரடைப்பு வந்திருக்கும், பதினோரு மணி வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

மறுநாள் இருதயராஜின் மனைவி கிரேஸ், தவமணியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“பத்து மணிக்கு உங்ககிட்ட பேசாம இருக்க மாட்டாவளே அண்ணே. நேத்து என்ன சொன்னாவ?”

தவமணியின் இன்னொரு கை சட்டைப்பையிலிருந்த செல்போனைத் தொட்டது.

“எல்லாம் சரியா இருக்குன்னுதாம்மா வந்துச்சு.”