செள்ளு இறங்கும் சுவர்

மாமனார் பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் செள்ளுப் பூச்சி பரவிக் கடித்துப் பிள்ளைகளின் கழுத்தெல்லாம் தடித்ததிலிருந்து அவருக்கு உள்ளே இடமில்லை. அவர் கொண்டுவந்த பஞ்சுமெத்தையில்தான் அது வந்தது என்பது மருமகளின் தீர்ப்பு. "மெத்தையைத்தான் தூக்கிப் போட்டாச்சேம்மா, இனி உள்ள வந்து படுத்துக்கட்டுமா?" என்கிறார். "மெத்தை போச்சு மாமா, செள்ளு போகலையே. உங்களை விட்டா அதுக்கும் வேற நாதியில்ல போல" என்றபடி அவள் ஈரத்துணியால் ஜன்னல் சட்டத்தைத் துடைக்கிறாள். சாய்ந்த வெயிலில் சுவர் மேல் ஊசிமுனைப் புள்ளிகள் ஊர்கின்றன. ஏசி பெட்டிக்குப் பின்னால், புறா விட்டுப்போன கூட்டிலிருந்து அவை சாரை சாரையாக இறங்கி, கிழவரின் தோளை ஒட்டி, ஜன்னல் இடுக்கில் நுழைகின்றன. அவள் கை அப்படியே நிற்கிறது. உள்ளேயிருந்து கணவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு எட்டிப் பார்க்கிறான். "அக்கா கேக்குறா, நிச்சயமா அப்பாகிட்டருந்துதான் வந்துச்சான்னு. இல்லைன்னா எதுக்கு என் வீட்டுக்கு அனுப்புறீங்க, அங்கேயே இருக்கட்டுமேங்குறா." மாமனார் அவள் முகத்தையே பார்க்கிறார். அவள் சுவரை ஒரே இழுப்பில் துடைக்கிறாள். துணியில் செந்நிறக் கோடு விழுகிறது. அதை உள்பக்கமாக மடித்துக்கொள்கிறாள். "வேற எங்கருந்து வரும்? இன்னிக்கே கொண்டுபோய் விட்டுடுங்க." கழுத்தைச் சொறியப் போன கிழவரின் கை பாதியில் நிற்கிறது. இருவரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டதும், அவர் அந்தக் கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறார்.