மூன்றாவது ஆளின் நைட்டி

சமையல் மேடைக்கு அடியில் இருந்த இடத்தை டேப்பால் அளந்துவிட்டு, மிஷின் விற்க வந்தவன் சந்தோஷமாக நிமிர்ந்தான். "கச்சிதமா உட்காரும் மேடம். துவைச்சு, காயவச்சு, மடிக்கிற பதத்துல குடுத்துடும்."

"எத்தனை பேர் துணிக்கு?" என்றாள் ஜெசிந்தா.

"உங்க வீடு ரெண்டு பேருக்குப் பதிவாகியிருக்கு. மூணாவதா ஒருத்தர் வேர்வை பட்ட துணி உள்ள போனா, அப்பார்ட்மென்ட் அசோசியேஷனுக்குத் தகவல் போயிடும்."

"தகவல் சொல்லாத மிஷின் எது?"

"அப்படி ஒண்ணு இப்ப வர்றதே இல்ல மேடம்."

குளியலறைக்குள் அவள் தங்கை பிலோமினா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தாள். புருஷனின் அடி தாங்காமல் ஓடிவந்து பத்து நாளாகிறது. அவளுடைய துணிகளும் அங்கேயேதான் ஈரம் உலராமல் நாறிக்கொண்டிருந்தன.

ஜெசிந்தா விறுவிறுவென்று போய்க் கதவைத் திறந்து, தங்கையின் நைட்டியை எடுத்துவந்தாள். பால்கனியில் குறுக்காகக் கயிறு கட்டினாள்.

விற்பவன் பதறினான். "வெளிய காயப்போடக் கூடாது மேடம்! மிஷின்ல போட முடியாத ஆள் இங்க இருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். வீட்டையே காலி பண்ணச் சொல்லிடுவாங்க."

"தெரியட்டும். வந்து என் மூஞ்சிய பார்த்துச் சொல்லட்டும். பிலோ, கிளிப்ப எடுத்துட்டு வெளிய வாடி!"

பத்து நாள் கழித்து வெயிலில் வந்து நின்ற பிலோமினாவுக்குக் கண் கூசியது.

எதிர்ப் பால்கனியில், தனியாள் என்று பதிவு செய்து குடியிருக்கும் டீச்சர் அந்த நைட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று உள்ளே போனார். திரும்பி வந்து, ஒரு லுங்கியையும் இரண்டு சின்ன கவுன்களையும் உதறிக் கைப்பிடிக் கம்பியில் விரித்துப் போட்டார்.