பெர்ச்சிக்கின் ஆறு வாரம்

இருட்டியதும் அந்தச் சத்தம் வரும். போலந்தின் கட்டோவிட்சே நகரில் நவம்பர் என்றால் நாலரைக்கே இருட்டு.

குளியலறைக் காற்றுத்துளை வழியாக முதலில் ஒரு முனகல். அப்புறம் கீழ்வீட்டு அலோய்ஸியின் கரகரத்த குரல்.

"முரண்டு பிடிக்காதே. இன்னும் இருக்குன்னு எனக்குத் தெரியும். விடுறியா இல்லையா?"

தொட்டியில் உட்கார்ந்திருந்த என் மகள் டோசியாவின் காதைப் பொத்தினேன். இரண்டு வயது. "பெச்சி அழுது," என்றாள்.

பெர்ச்சிக். அலோய்ஸியின் குட்டைக்கால் டாஷண்ட் நாய். மூன்று வாரமாக அதை யாரும் வெளியே பார்க்கவில்லை. எதிர்வீட்டு கெர்த்ருதா அம்மாவைத் தவிர. அவர் இப்போது என் குளியலறை வாசலில் நின்றிருந்தார்.

"கூண்டுல போட்டு வச்சிருக்கான்மா. மீட்டர் பார்க்க வந்த ஆளோட நானும் உள்ளே நுழைஞ்சுட்டேன்ல, ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"எதுக்காம்?"

"நாய்க்கு முதுகு போயிடுச்சாம். டாக்டர் ஆபரேஷன்னு சொல்லியிருக்காரு. இவன் வேண்டாம்னுட்டான். முப்பது வருஷம் சுரங்கத்துல கல்லோட கிடந்தவன்தானே, மனசு வேற எப்படி இருக்கும்? கிடந்து சாகட்டும்னு விட்டுட்டான்."

அவர் கையில் ஒரு மனு. பிராணிகள் பாதுகாப்பு அமைப்புக்கு. கீழே அவருடைய கையெழுத்து.

"இன்னொரு கையெழுத்து விழுந்தா நாளைக்கே வந்து நாயைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. போடும்மா."

எனக்குக் கை ஓடவில்லை. கணவர் நார்வேயில், கப்பலில். நானும் குழந்தையும் தனி. அலோய்ஸியோ மாடிப்படியில் எதிரே வந்தால் நான் சுவரோடு ஒட்டிக்கொள்கிற மாதிரி ஆள். ஆனால் கான்வென்ட்டில் வளர்ந்தவள் நான். முகத்துக்கு நேரே கேட்காத குற்றத்தை ஒருவர் முதுகுக்குப் பின்னால் எழுதிக் கொடுப்பது பாவம் என்று சிஸ்டர் பெனிக்னா சொல்லியிருக்கிறார்.

மனுவை மடித்து ஸ்வெட்டர் பையில் வைத்துக்கொண்டேன். டோசியாவைத் துவட்டி, உடுத்தி, இடுப்பில் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

கதவு திறந்தது.

"அந்த நாயை என்ன பண்றீங்க நீங்க?" படியிறங்கும்போதே மனப்பாடம் செய்த வாக்கியம்.

"முதல்ல ஷூவைக் கழட்டு," என்றார்.

எங்கள் ஊரில் சண்டை போட வந்தவளும் வீட்டுக்காரர் தரும் துணிச்செருப்பை மாட்டிக்கொண்டுதான் சண்டை போட வேண்டும். அவர் தந்தது படகு மாதிரி இருந்தது. பாதிக் கோபம் அதிலேயே மூழ்கிவிட்டது.

பெர்ச்சிக் குளியல் தொட்டியில் நின்றது. நின்றது என்பதைவிட, வயிற்றுக்கடியில் கொடுத்து அவர் தூக்கிப் பிடித்த துண்டில் தொங்கியது. பின்னங்கால்கள் துவண்டு கிடந்தன.

"நல்ல நேரத்துக்கு வந்தே. குழந்தையை இறக்கிவிட்டு இந்தத் துண்டைப் பிடி. உயர்த்தாதே, முதுகு நேரா இருக்கணும்."

பிடித்தேன். அவர் இரண்டு கைகளாலும் அதன் வயிற்றை மெல்ல அமுக்கினார். ஒரு முனகல். பிறகு சர்ரென்று மூத்திரம் ஓடியது.

"அவ்வளவுதான்டா துரை. இதுக்கா ஊரைக் கூட்டினே?"

"தானாப் போகாதா, ஐயா?"

"முதுகெலும்புல ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்பை நசுக்குது. இடுப்புக்குக் கீழே எதுவும் அவன் பேச்சைக் கேக்காது. ஒரு நாளைக்கு நாலு தடவை நான்தான் எடுத்து விடணும்."

"ஆபரேஷன்..."

"இதயம் பலவீனம். மயக்க மருந்து கொடுத்தா முழிக்க மாட்டான்னு ஆபரேஷன் பண்ற டாக்டரே பின்வாங்கிட்டாரு. ஆனா பின்னங்கால் விரலைக் கிள்ளினா அவனுக்கு வலி தெரியுது. அதனால ஒரு வழி இருக்கு. மாத்திரை, அப்புறம் ஆறு வாரம் அசையாம கிடக்கணும். இன்னிக்கு இருபத்திரண்டாம் நாள். இனிமே ஒரு தடவை குதிச்சாலோ, யாராவது தூக்கிக் கண்டபடி குலுக்கினாலோ போச்சு. ஜென்மத்துக்கும் நடக்க மாட்டான்."

என் கை ஸ்வெட்டர் பைக்குப் போயிற்று. அவர் பார்த்துவிட்டார்.

"கெர்த்ருதாவோட மனுவா? கையெழுத்துப் போட்டாச்சா?"

"இல்லை..."

"பேனா வேணுமா?"

"வேண்டாம். குப்பைக்கூடை எங்கே இருக்கு?"

முதல் தடவையாக அவர் மீசை லேசாக ஆடியது.

நாயைத் தட்டு ஏந்துவதுபோல் ஏந்திச் சமையலறைக்குக் கொண்டுபோனார். கூண்டு என்றது குழந்தைகளை விளையாட விடும் மரத்தடுப்பை. கம்பிகள், சின்னக் கதவு, தாழ்ப்பாள். தரை முழுக்க மெத்தை. பெர்ச்சிக்கை அதில் கிடத்தியதுதான் தாமதம், மூக்கைக் கம்பிக்கு வெளியே நீட்டி அழ ஆரம்பித்தது.

"வெளியே, வெளியே," என்று டோசியா தாழ்ப்பாளைத் தொடப் போனாள்.

"தொடாதே!"

அந்த அதட்டலில் டோசியாவும் அழுதாள். எனக்கு மறுபடி கோபம் வந்தது.

"எப்படிக் கெஞ்சுது பாருங்க, ஐயா."

"அந்தக் கண்ணைப் பார்க்காதே. பார்த்தா திறந்துவிட்டுடுவே."

"அதுக்காக ராத்திரி முழுக்க இப்படித் தனியா அழவிடுறதா? ஒரு தடவை தடவிக் கொடுத்தா என்ன?"

"கிளம்பும்மா. மணி ஆறாச்சு, நான் படுக்கணும். போறப்போ வாசக்கதவை நல்லா இழுத்துச் சாத்திடு. இனி விடியற வரைக்கும் என்னால எழுந்து வர முடியாது."

வைத்தியம் வேறு, இரக்கம் வேறு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஷூவை மாட்டினேன். வாசக்கதவை இழுக்கும்போது ஒரு தடவை திரும்பிச் சமையலறைப் பக்கம் பார்த்தேன்.

அலோய்ஸி ஒரு தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சின்னக் கதவு வழியாகத் தவழ்ந்து கூண்டுக்குள் போனார். பெர்ச்சிக்கின் பக்கத்தில் முழங்காலை மார்போடு மடக்கிப் படுத்தார். அழுகை நின்றது. பிறகு கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு, உள்ளேயிருந்தபடியே தாழ்ப்பாளைப் போட்டார்.