பத்து வருஷக் கெடு

"இருபத்து மூணாவது டிஃபெக்ட்!" யாமினி ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டாள். "யூசர் கைடு பதினாலாம் பக்கத்துல ஒரு புள்ளியைக் காணோமாம். இந்த மனுஷனுக்கு வேற வேலையே இல்லையா?"

"புள்ளி மயில்சாமின்னு சும்மாவா பேர் வெச்சோம்?" என்றான் பக்கத்து இருக்கை சபரி. "மார்கழிக் கோலத்துக்குக்கூட இவ்ளோ புள்ளி வைக்க மாட்டாங்க."

யாமினிக்குச் சிரிப்பு வரவில்லை.

அமெரிக்காவில், ரிச்சர்ட்சன் ஊரில் உட்கார்ந்துகொண்டு அவர்கள் ஆறு பேர் ஓர் ஐரோப்பிய நாட்டின் எல்லைக் காவலுக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். கடல் தாண்டி வந்து தஞ்சம் கேட்டவர்களின் கைரேகைகளைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். டிசம்பர் பன்னிரண்டு, வெள்ளி மாலை ஐந்து மணி வரைதான் அவகாசம். அப்புறம் கிறிஸ்துமஸ் முடக்கம். ஜனவரி வரை யாரும் எதையும் தொடக் கூடாது.

புதியதை ஓடவிடும் ரிலீஸ் நேரத்துக்குப் போனால் யாமினியின் கான்ட்ராக்ட் நீளும். போகாவிட்டால் மாதக் கடைசியோடு வேலை காலி. அதன்பின் விசா அறுபது நாள் தாங்கும். மகள் தீக்ஷா அப்போதுதான் இரண்டாம் வகுப்பில் இரண்டு தோழிகளைப் பிடித்திருந்தாள்.

சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் டெஸ்டர் மயில்சாமி அப்ரூவ் செய்தால்தான் ரிலீஸ். ஒரே ஒரு பிழை பாக்கி இருந்தாலும் மனிதர் அசைய மாட்டார்.

வியாழன் வரை பொறுத்தாள். வெள்ளி காலை டைரக்டர் கஸ்தூரிரங்கன் அறைக்கே போய்விட்டாள்.

"சார், அவர் வேணும்னே இழுத்தடிக்கிறார். லிஸ்ட்டைப் பாருங்க."

பார்த்தார். "கமா... புள்ளி... கட்டத்தோட கலர்... ராமா! சரி, இன்னிக்கு நீயே அப்ரூவ் பண்ணிடு. உன் எக்ஸ்டென்ஷன் லெட்டரையும் அனுப்பச் சொல்றேன்."

மூன்றரை மணிக்கு மயில்சாமி வந்தார். யாமினி சண்டைக்குத் தயாரானாள். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தார்.

"நல்லதுங்க அம்மிணி. இனி உங்க கையிலதான். ஒண்ணே ஒண்ணு பாத்துப்போட்டு அமுத்துங்க."

பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஒரு வரியைக் காட்டினார். பேர் இல்லை. வெறும் எண். வயது பதினாலு. வந்தது 2015 டிசம்பர். அழிக்க வேண்டிய நாள், 2025 டிசம்பர் 31.

"பத்து வருஷமானா ரேகைய அழிச்சுப்போடோணும், அது அந்த நாட்டுச் சட்டம். முப்பத்தொண்ணாந் தேதி பழைய கம்ப்யூட்டரு தானா அழிச்சுரும். இப்ப புதுசுல பாருங்க."

சோதனைக்காக ஏற்றிய அதே வரி. வந்தது 2025 டிசம்பர். அழிக்க வேண்டிய நாள், 2035.

"நாம ஏத்துற தேதியவே வந்த தேதியா எடுத்துக்குதுங்க. எங்க எது திருடு போனாலும் இன்னும் பத்து வருஷத்துக்குப் போலீஸ் இவங்க ரேகையத்தான் மொதல்ல தேடும். ரெண்டு லட்சம் பேருங்க."

"இதை ஏன் டிஃபெக்டா போடல?"

"மொத டிஃபெக்டே அதுதானுங்க. டைரக்டர் சார் மூடிப்போட்டாரு. கஸ்டமர் கேக்காததை நாம ஏன் கிளறோணும்னாரு. மூணு மெயில் போட்டும் பார்த்தேன். புள்ளியத்தான் அவரால மூட முடியல. அது கண்ணுக்குத் தெரியுதில்லீங்களா? அதான் புள்ளி புள்ளியா போட்டு ரிலீஸை நிறுத்தி வெச்சேன்."

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமே! உங்களை எவ்ளோ திட்டினோம்..."

"காதுல விழுந்துச்சுங்க. கோலம் ஜோக்கு நல்லாவே இருந்துச்சு." சிரித்தார். "எனக்கு கிரீன் கார்டு வந்துருச்சுங்க. வேலை போனா லாரி ஓட்டியாச்சும் பொழச்சுக்குவேன். நீங்க அஞ்சு பேரும் விசாவுல இருக்கறீங்க. எல்லாம் தெரிஞ்சேதான் கெடுத்தீங்கன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லிரக் கூடாதில்லீங்களா?"

எழுந்தார். "நீங்க அமுத்துனாலும் தப்பா நெனைக்க மாட்டேன். பாப்பா பள்ளிக்கூடம் போகுதில்ல."

நாலு பத்துக்கு எக்ஸ்டென்ஷன் லெட்டர் வந்தது. யாமினி இரண்டு தடவை படித்தாள். இரண்டு வருஷம். சம்பளமும் கொஞ்சம் கூட.

'அப்ரூவ்' என்ற பச்சைப் பொத்தான்மேல் அம்புக்குறி நின்றது. அங்கிருந்து அதை நகர்த்தக் கை வரவில்லை அவளுக்கு.

நகர்த்தினாள்.

புதிய டிஃபெக்ட் ஒன்றைத் திறந்து எழுதினாள்: 'பத்து வருஷக் கெடு முடிந்தும் ரேகைகள் அழியாது. பாதிக்கப்படுவோர் இரண்டு லட்சம் பேர். ரிலீஸ் செய்யக் கூடாது.' அந்த நாட்டுத் தகவல் பாதுகாப்பு அதிகாரிக்கும் ஒரு பிரதி. அனுப்பினாள்.

நாலு ஐம்பதுக்கு போன் அலறியது.

"யாமினி! என்ன காரியம் பண்ணியிருக்க? உடனே அதை மூடு!"

"மூட மாட்டேன் சார்."

"லெட்டர் வந்துதா இல்லையா?"

"வந்துது சார். திருப்பி எடுத்துக்குங்க."

கஸ்தூரிரங்கன் குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாரும்மா. இது உன் மூளை இல்ல. மயில்சாமி தூண்டிவிட்டிருக்கான். இத்தனை நாள் இதுக்குத்தான் இழுத்தடிச்சான், இல்ல? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. உன் வேலைக்கு நான் பொறுப்பு."

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மயில்சாமி ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அவருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல சார்," என்றாள் யாமினி. "எல்லாம் தெரிஞ்சே பண்ணினது நான் ஒருத்திதான்."