நான்கு துளைகள்

மாதம் ஒருமுறையாவது நிலம் ஆடும் ஊர் அது. குடியிருப்பை ஒட்டி நிற்கும் ஆறு பெட்ரோல் டேங்குகளை அகற்றச் சொல்லி, பிலோமினா வீடு வீடாக ஏறி நானூறு கையெழுத்து வாங்கினாள். கோரிக்கையை முதல் தாளில் மட்டும் எழுதியிருந்தாள். மற்ற தாள்களில் வெறும் கையெழுத்துகள். எல்லாவற்றையும் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்து, குடியிருப்போர் சங்கச் செயலாளர் தணிகாசலத்திடம் அரசு அலுவலகத்துக்குக் கொடுத்தனுப்பினாள்.

விசாரணையன்று அதிகாரி அந்தக் கட்டைப் புரட்டினார். "டேங்க் அங்கேயே இருக்கட்டும்னு நீங்கதானேம்மா எழுதிக் குடுத்திருக்கீங்க?"

பிலோமினா வாங்கிப் பார்த்தாள். முதல் தாள் புதிது. அதன் மூலையில் பின் குத்திய துளைகள் இரண்டு. அடுத்த தாள்களிலெல்லாம் நான்கு. இரண்டாம் தாளில் முதல் கையெழுத்து அவளுடையதேதான்.

"என்ன அண்ணே இது?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தணிகாசலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போன மாதம்தான் அவர், டேங்குகள் கண்ணுக்கே தெரியாத மேட்டுத் தெருவுக்குக் குடிபோயிருந்தார்.

அப்போது மேசை ஆடியது. எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் அவர்தான். வாசலில் நின்று கத்தினார்: "பிலோமி, வெளியே வாம்மா!"

அவள் எழவில்லை. காலியாக இருந்த பழைய துளைகளை விரலால் தடவியபடி கேட்டாள்: "வெளியே வந்து எங்க போறது அண்ணே?"