ஒதியாம்போவின் ராசியான கன்ட்ரோலர்

கென்யாவின் கிசுமு நகரச் சந்தையில் பழுதுபார்க்கும் நெகேசாவின் மேசைமேல், ஒதியாம்போ தன் பழைய வீடியோ கேம் கன்ட்ரோலரை வைத்தான்.

"பட்டனெல்லாம் தேஞ்சு போச்சுக்கா. ஃபுட்பால் ஆடறப்போ பாஸ் குடுக்க அமுக்கினா, என் ஆளு கோல் அடிச்சிடறான்."

"அப்போ தோத்துட்டே இருக்கியா?"

"நானா? இந்த மாசம் முழுக்க கேம் கடையில நான்தான் ராஜா! சனிக்கிழமை ஃபைனல். பரிசு ஒரு ஆடு. ஜெயிச்சா உனக்கு ஒரு தொடை. தோத்தா, நீதான் கெடுத்தேன்னு சந்தை பூரா சொல்லிடுவேன்."

நெகேசா அதைக் கழற்றிப் பார்த்தாள். நம்பிக்கை வராமல் இன்னொரு முறையும் பார்த்தாள். பிறகு பட்டன்களுக்கு அடியில் புது ரப்பர் வைத்து மூடினாள்.

"முன்ன மாதிரியே அமுக்கு. எதையும் மாத்தாதே."

சனிக்கிழமை ஒதியாம்போ ஜெயித்தான். ஞாயிற்றுக்கிழமை சுட்ட தொடை வந்து சேர்ந்தது.

"அப்படி என்னக்கா ரிப்பேர் பண்ணினே?" உகாலிக் களியைப் பிசைந்தபடி நெகேசாவின் தங்கை நஃபுலா கேட்டாள்.

"ரப்பர் மட்டும்தான். உள்ள ஒயர் எப்பவோ அறுந்து கெடக்கு. இத்தனை நாளா அவனுக்குப் பதிலா மெஷினேதான் ஆடியிருக்கு."

"ஒயரை ஒட்டலையா?"

"ஒட்டியிருந்தா அவனில்ல ஆட ஆரம்பிச்சிருப்பான்!" என்றபடி நெகேசா எலும்பைக் கடித்தாள்.